மேடான் மட்டும் இருக்கட்டும்

சுங்கை சோ,
12.7.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை நான்கரை மணிக்கு உறுதியான செய்தி இது. சொன்னவர் எங்கள் பத்திரிகையின் மேனேஜர் கார்த்திகேசு. வாயால் சொன்னதோடு நிற்காமல் கடிதத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ரவாங், உலு சிலாங்கூர் வட்டார நிருபராக நான் இருபது ஆண்டுகள் முடித்ததற்காக, இரண்டு பேர் நான்கு நாள் வெளிநாடு போய்வர ஏற்பாடு செய்து தருகிறார்கள். இடங்கள் மூன்று: தாய்லாந்தில் ஹாட்யாய், சிங்கப்பூர், இந்தோனேசியாவில் மேடான். எது வேண்டும் என்று நவம்பர் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும். டிசம்பர் முடிவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்கு இருமல் நின்றதா? இங்கே எனக்கும் வள்ளியம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது ஆள் நீதான். வள்ளியம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். பாதி படித்ததுமே, “அக்காவக் கூட்டிக்கிட்டுப் போங்க. டிசம்பர்ல எங்க பேக்டரியில லீவே குடுக்க மாட்டாங்க” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உனக்கு ஐம்பது வயது ஆகிறது. கிழக்கே பத்துமலை, மேற்கே கோலசிலாங்கூர் படகுத்துறை, இதற்கு வெளியே நீ போனதில்லை. மாமா உன்னை எங்கும் கூட்டிப் போகமாட்டார் என்று கல்யாணத்தன்றே நான் சொன்னேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது என்பதால் யாரும் மதிக்கவில்லை.

ஹாட்யாய் என்றால் பேருந்து. சிங்கப்பூர் என்றால் ரயில். மேடான் என்றால் பினாங்கு வரை போய் அங்கிருந்து விமானம். ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். யோசித்து எழுது.

உன் தம்பி,
தனபாலன்

—

புக்கிட் பெலிம்பிங்,
24.7.1988

அன்புத் தம்பி பாலாவுக்கு,

உன் கடிதத்தை உன் மாமா இரண்டு தடவை படித்தார். ஒரு தடவை வீட்டில் எனக்காக, இன்னொரு தடவை கடையில் எல்லாருக்காகவும். இருபது வருடம் ஒரே பத்திரிகையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. மாமா இருமுகிறார், ஆனால் சுருட்டையும் விடவில்லை.

பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் விமானத்தில் ஏறுவதாக இல்லை. மேகத்துக்கு மேலே மனுசருக்கு என்ன வேலை? ஹாட்யாய்க்குப் பேருந்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் என் கால் மடங்காது. அதோடு, ஹாட்யாய் போய்வந்தேன் என்று யாராவது சொன்னாலே இங்கே ஆம்பிளைகள் ஒரு மாதிரிச் சிரிக்கிறார்கள். சிங்கப்பூரில் வெற்றிலை போட்டுத் துப்பினால் பிடித்துக்கொள்வார்களாம். நாலு நாள் வெற்றிலை இல்லாமல் நான் இருந்ததில்லை.

வள்ளியம்மாவைக் கூட்டிப் போ. சின்ன வயதில் போனால்தான் நடக்க முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மோட்டார் சைக்கிளில் மழையோடு போகாதே.

உன் அக்கா,
அம்சவள்ளி

—

புக்கிட் பெலிம்பிங்,
26.7.1988

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

கெர்லிங்கில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். தம்பி என்னை வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறான். ஹாட்யாய், சிங்கப்பூர், மேடான் என்று மூன்று ஊர் சொல்கிறான். எதற்குப் போனாலும் பாஸ்போர்ட் வேண்டும். என் அடையாளக் கார்டு சிவப்பு ஐ.சி., அதற்குப் பாஸ்போர்ட் தரமாட்டார்கள் என்பது என் வீட்டுக்காரருக்கும் உனக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதில் ரவாங்குக்குப் படிக்கப் போனவன். என் ஐ.சி.யை அவன் பார்க்கிற வேளையே வரவில்லை. எலெக்‌ஷன் சமயத்தில் ஓட்டுப் போட்டாயா என்று கேட்பான். ஆச்சு என்று சொல்லிவிடுவேன்.

போன வருடம் அவன் பத்திரிகையில் எழுதினான், எங்கள் தோட்டத்தில் சிவப்பு ஐ.சி.க்காரர்கள் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள், இந்த நாட்டில் பிறந்தும் குடியுரிமை இல்லை என்று. தோட்ட ஆபீஸ் கிராணியிடம் கேட்டு எழுதிக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் சாப்பிட வந்தான். நாற்பத்தொரு பேரில் ஒருத்தி அவனுக்குச் சோறு போட்டாள்.

குடியுரிமை இல்லை என்று சொல்வது கஷ்டம் இல்லை, இராஜம்மா. ஏன் இல்லை என்று கேட்பான். கேட்பதுதான் அவன் வேலை. சொல்லாமல் எப்படி இருப்பேன்?

ஐம்பத்தெட்டில் குடியுரிமைக்குப் பதிய ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசி லோரி போன நாளில் நீ லோரியில் இருந்தாய். வீட்டுக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. அந்த ஒரு வருடம்தான் மலாய் தெரியாவிட்டாலும் குடியுரிமையும் நீல ஐ.சி.யும் கொடுத்தார்கள். தம்பிக்கு அம்மை இறங்கவில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்ற இன்னும் மூன்று நாள் இருந்தது. வேலை பார்க்கிற மண்டோர் வாசலில் வந்து நின்றார். “அம்சா, இதான் கடைசி லோரிம்மா. அப்புறம் கூப்பிட மாட்டாங்க” என்றார். உன் அம்மா சின்னத்தாய், “மஞ்சத் தண்ணி தெளிச்சிக்கிட்டு நீ ஏறு. பிள்ளைய நான் பாத்துக்கறேன்” என்றார். நான் புறப்பட்டுவிட்டேன். வேப்பிலைக் கொத்தைத் தாண்டிக் காலை வெளியே வைத்தபோது அவன் பாயிலிருந்து எழுந்து வந்து என் சேலையைப் பிடித்தான். பத்து வயதுப் பையன். உடம்பெல்லாம் கொப்புளம். “லோரியில ஏறாதக்கா. அம்மாவையும் லோரியிலதான் ஏத்திக்கிட்டுப் போனாங்க” என்றான்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அந்த லோரிதான். அம்மா திரும்பி வரவில்லை. நான் காலை உள்ளே எடுத்துக்கொண்டேன். உன் அம்மாவும் அதைப் பார்த்தார். யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இது தம்பிக்குத் தெரிந்தால் அவன் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். இப்போது வந்தால் சட்டியைத் திறந்து பார்க்கிறான். குழம்பில் உப்பில்லை என்று சண்டைக்கு வருகிறான். அந்தத் தம்பி எனக்குப் போதும். என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற தம்பி வேண்டாம்.

நீ அவனிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்சா

—

கெர்லிங்,
5.8.1988

அம்சா,

நான் நன்றாக இருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டர் வேறு என்னதான் சொல்வார்?

ஏண்டி, ஐம்பது வயதிலும் ஒளித்துவைக்க இதுதானா கிடைத்தது? மற்ற பெண்கள் நகையை ஒளித்துவைப்பார்கள். நீ ஐ.சி.யை ஒளித்துவைத்திருக்கிறாய்.

அன்றைக்கு லோரியில் உனக்காகப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். பாலம் தாண்டும்வரை அதில் யாரையும் உட்காரவிடவில்லை. உள்ளே இப்படி நடந்தது என்று அம்மா எனக்கும் சொல்லவில்லை. நீ பயந்துகொண்டு வரவில்லை என்றுதான் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைத் தப்பாக நினைத்ததற்கு மன்னித்துக்கொள்.

அறுபத்து மூன்றில் ஒரு தடவை குடியுரிமை கேட்டு ஆபீசுக்குப் போனாய். அந்த ஆபீசர் மலாயில் கேட்டது உனக்கு விளங்கவில்லை என்று எழுந்து வந்துவிட்டாய். அத்தோடு சரி. அப்போதே நான் உன்னைத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

நானாகச் சொல்லமாட்டேன். ஆனால் தம்பி நேராகக் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. நீயே சொல்லிவிடு. அதுதான் நல்லது.

இராஜம்மா

—

சுங்கை சோ,
10.8.1988

அன்புள்ள அக்காவுக்கு,

வள்ளியம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாளில் விட்டது. மற்றபடி நலம். நீயும் மாமாவும் சுகமாக இருப்பதாக, பால் லோரி ஓட்டும் சோமு நேற்றுச் சொன்னார்.

உன் ஆட்சேபங்களைச் சரிபார்த்தேன். ஒன்று: ஹாட்யாய் பேருந்து வழியில் மூன்று இடங்களில் நிற்கிறது, பயண ஏஜெண்டு சொன்னது. கால் நீட்ட முன்வரிசை இருக்கை கேட்டு வாங்கலாம். ஆண்கள் சிரிப்பதைப் பற்றி விசாரித்ததில், சிரிப்பவர்களில் பாதிப் பேர் அங்கே போனதே இல்லை. இரண்டு: சிங்கப்பூரில் வெற்றிலை போடுவதற்குத் தடை இல்லை, தரையில் துப்பத்தான் தடை. ஒரு டின்னைக் கையில் வைத்துக்கொள். மூன்று: மேகத்துக்கு மேலே மனுசருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். அங்கே போனால்தான் தெரியும்.

மூன்றில் எதையும் தள்ளுபடி செய்ய உன் காரணங்கள் போதவில்லை. பாஸ்போர்ட் பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடு. இரண்டு புகைப்படமும் உன் ஐ.சி.யின் நகலும் அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தனபாலன்

—

புக்கிட் பெலிம்பிங்,
2.9.1988

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் அதிகம். குனிந்து பொறுக்கிவிட்டு வந்தால் பேனாவைப் பிடிக்கக் கை வருவதில்லை. வள்ளியம்மாவுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு. நீயே வை. அவள் எழுந்து வைக்கும்படி விடாதே.

புகைப்படம் எடுத்துவிட்டேன். கோலசிலாங்கூரில் சேதுவின் ஸ்டூடியோவில். தீபாவளிக்கு நீ வாங்கித் தந்த மாம்பழக் கலர் சேலைதான். “அக்கா, பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாதுலா” என்று சேது மூன்று தடவை சொன்னான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு படம் இதில் இருக்கிறது. மூன்றாவதை நான் வைத்துக்கொண்டேன்.

நகல் எடுக்கிற கடை பூட்டியிருந்தது. பிறகு பார்க்கலாம். கோவில் திருவிழா வேறு வருகிறது. எனக்காக நீ காத்திருக்க வேண்டாம்.

அக்கா

—

சுங்கை சோ,
14.9.1988

அக்காவுக்கு,

படம் கிடைத்தது. சேது சொன்னதை நீ கேட்கவில்லை என்று தெரிகிறது. ஏஜெண்டு பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். பாரத்தில் கையெழுத்து இல்லை. பாரமே கடிதத்தில் இல்லை. கோலசிலாங்கூரில் நகல் எடுக்கும் கடைகள் இரண்டு. இரண்டும் திறந்திருப்பதாக அங்குள்ள எங்கள் பத்திரிகை ஏஜெண்டு சொல்கிறார். நகல் எடுக்க முடியாவிட்டால் ஐ.சி. எண்ணையாவது எழுதி அனுப்பு. நலமா?

தனபாலன்

—

சுங்கை சோ,
17.10.1988

மதிப்புள்ள இராஜம்மா அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? பேரன் பிறந்த செய்தி கேட்டு மகிழ்ந்தோம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அம்சவள்ளி அக்காவிடமிருந்து ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். மீன் குழம்பு வைத்துக் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசினார். ஐ.சி.யைக் கொடு, நானே நகல் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். கோழிக்கு அப்போதுதான் போட்டிருந்தார். மாமாவைக் கேட்டேன். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு டிராக்டரைப் பார்க்க எழுந்துபோனார்.

எதையோ மறைக்கிறார்கள் என்பது உறுதி. எது என்று தெரியவில்லை. உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொல்லி, பயணம் போகக் கூடாது என்று இருக்கிறதா? எனக்குப் பயமாக இருக்கிறது. அக்காவுக்கு உங்களைவிட நெருக்கமானவர் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

தங்கள்,
தனபாலன்

—

கெர்லிங்,
24.10.1988

தம்பி தனபாலனுக்கு,

பயப்படாதே. உன் அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. என்னைவிடத் திடமாக இருக்கிறாள்.

நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன். நீ இப்படிப் பயந்து எழுதிய பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம். அம்சாவின் ஐ.சி. சிவப்பு. நம் எல்லாரையும் ஐம்பத்தெட்டில் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்க் குடியுரிமைக்குப் பதிந்தார்கள். உன் அப்பா பதிந்தார், உன்னைத் தன் பெயரில் சேர்த்தார். அம்சாவுக்கு வயது இருபது ஆகிவிட்டது, அவளே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கடைசி லோரி போன நாளில் உனக்கு அம்மை. அம்மை கண்ட வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆள் வெளியே போவதில்லை. உனக்குத் தெரிந்ததுதான். அவள் போகவில்லை. அதற்கப்புறம் மலாய் தெரிய வேண்டும் என்றார்கள். ஒரு தடவை போய்ப் பயந்து திரும்பிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவளுக்கு இதில் வருத்தம் கிடையாது. நீ வருத்தப்படுவாயே என்றுதான் வருத்தம். உப்பில்லை என்று நீ சண்டை போடுவது அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதை மட்டும் நிறுத்திவிடாதே.

நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள். திட்டினால் என்னைத் திட்டட்டும்.

இராஜம்மா

—

சுங்கை சோ,
31.10.1988

அக்காவுக்கு,

உன் ஐ.சி. சிவப்பு என்பது உறுதியாகிவிட்டது. சொன்னவர் இராஜம்மா அக்கா. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக் கூடாது என்பதால், சனிக்கிழமை மாமாவைக் கடைக்கு வெளியே பிடித்துக் கேட்டேன். “ஆமாப்பா. அதுக்கு இப்ப என்னா?” என்றார். இருவர் சொன்னதும் ஒன்றாக இருக்கிறது.

நாங்கள் நலம். உன் மேல் கோபமாக இருக்கிறோம். வள்ளியம்மாவுக்கும் கோபம்தான், என்னைவிட அதிகம்.

ஓட்டுப் போட்டேன் என்று என்னிடம் நாலு எலெக்‌ஷனில் சொல்லியிருக்கிறாய். அதில் ஒன்றில், கூட்டம் அதிகம், வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாய். அதை நம்பி, பெண் வாக்காளர்கள் வெயிலில் காத்திருந்தார்கள் என்று செய்தியில் போட்டேன். அந்தத் தவறு உன்னுடையது.

என் தவறு வேறு. உங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதியபோது கிராணி நாற்பத்தொரு பெயர்களை எழுதி என் கையில் கொடுத்தார். நான் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். பெயர்களைப் படிக்கவில்லை. இருபது வருட நிருபர். போன வியாழக்கிழமை அவரிடம் மறுபடி வாங்கிப் பார்த்தேன். உன் பெயர் பதினேழாவதாக இருக்கிறது.

அம்மை வந்த அந்த நாட்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. வேப்பிலை வாசனை ஞாபகம் இருக்கிறது. சொறியாதே என்று நீ கையில் அடித்தது ஞாபகம் இருக்கிறது. லோரி எதுவும் ஞாபகம் இல்லை.

பயணம் வேண்டாம் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கார்த்திகேசு அதைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டு, “பதினஞ்சாம் தேதி வரைக்கும் நான் இதப் படிக்கல” என்றார். அது அவர் இஷ்டம்.

குடியுரிமைக்கு மறுபடி மனுக் கொடுக்கிறோம். இராஜம்மா அக்கா உன்னைத் தெரிந்தவராகக் கையெழுத்துப் போட வருகிறார். நவம்பர் 21 காலை எட்டு மணிக்குத் தயாராக இரு. அன்றைக்குக் கோழிக்கு மாமா தீனி போடட்டும்.

அந்த மீன் குழம்பில் புளி அதிகம். அன்றைக்கே சொல்ல நினைத்தேன், உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

தனபாலன்

—

புக்கிட் பெலிம்பிங்,
7.11.1988

அன்புத் தம்பி பாலாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கவரைப் பிரிக்காமல் மதியம் வரை மடியில் வைத்திருந்தேன். உன் மாமா, “நீ படிக்கிறியா, நான் படிக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நானே படித்தேன். புளியைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. புளி சரியாகத்தான் இருந்தது. ரவாங்கில் மீன் குழம்பு என்று எதையோ தின்று உன் நாக்கு கெட்டுப்போயிருக்கிறது.

உனக்கு லோரி ஞாபகம் இல்லை என்பது நல்லது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

மனுக் கொடுக்க வருகிறேன். உன் மாமா தினமும் மலாயில் கேள்வி கேட்கிறார். மார்க்கெட்டில் பேசுகிற மலாய் போதாதாம். எங்கே பிறந்தாய், புருசன் பெயர் என்ன என்று கேட்கிறார். புருசன் பெயரைச் சொல்லமாட்டேன் என்றேன். “ஆபீசர் கேட்டா சொல்லித்தானே ஆகணும்?” என்கிறார். இருபத்தேழு வருடத்தில் சொன்னதில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் பயமாக இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். பயணத்தை ஏன் வேண்டாம் என்றாய்? நான் போக முடியாது என்பதற்காக நீயும் போகாமல் உட்கார்ந்தால், நான் முப்பது வருடமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது என்று ஆகும். நீ என்னைப் பார்த்து, எதையும் ஆசைப்படப் பயப்படுகிறவனாக ஆகிவிடுவாய். அது எனக்கு வேண்டாம். வள்ளியம்மாவுக்கு லீவு கிடைக்காது என்பது எனக்காகச் சொன்னது. எனக்குத் தெரியாதா? டிசம்பரில் அவள் பேக்டரியை ஒரு வாரம் மூடுகிறார்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

போங்கள். போய்ச் சந்தோசமாக இருந்துவிட்டு வாருங்கள். சந்தோசமாக இருந்தேன் என்று எனக்கு எழுது. இருக்க வேண்டுமே என்று இருந்துவிட்டு வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஹாட்யாய் போங்கள், இல்லையென்றால் சிங்கப்பூர் போங்கள். மேடான் மட்டும் இருக்கட்டும். அதற்கு நீங்கள் போகக் கூடாது. விமானத்தில் ஏறமாட்டேன் என்று எழுதினேனே, அது பொய். முதல் கடிதத்திலேயே அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மணி நேரமாவது மேலே இருந்து பார்க்க வேண்டும். அது நான் வரும்போது.

அக்கா

—

சுங்கை சோ,
20.12.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுக் காலை பத்தேகால் மணிக்கு உறுதியானது: உன் மனு முழுமையாக இருக்கிறது, கோப்பு எண் போட்டாகிவிட்டது. சொன்னவர் பதிவு அலுவலகக் கவுண்டரில் இருக்கும் பெண். நான் கேட்டதும் கோப்பை எடுத்து வந்து காட்டினார். உன் படம் அதில் ஒட்டியிருக்கிறது. சிரித்த படம்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மழையில் உன் முழங்கால் என்ன சொல்கிறது? மாமா தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தார். வீட்டில் இப்போது திட்டு விழுவதும் மலாயில்தான் என்று எழுதியிருக்கிறார். அவர் பெயரை மட்டும் இன்னும் வாயில் வாங்கவில்லையாம். அதைத் தமிழில் சொல்லிப் பழகு, மலாயிலும் அது காளியண்ணன்தான்.

இனி பயணச் செய்தி. வள்ளியம்மா ஹாட்யாய்தான் கேட்டாள். நவம்பர் கடைசியில் தாய்லாந்தின் தெற்கே வெள்ளம் வந்து பேருந்துகள் நின்றுவிட்டன. மேடானை நீ எடுத்துக்கொண்டாய். மிச்சம் இருந்தது சிங்கப்பூர். ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை ரயிலேறி, பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை இரவு திரும்பினோம். அங்கே பூமிக்கு அடியில் ரயில் ஓட விட்டிருக்கிறார்கள். வள்ளியம்மா அதில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போனாள். இறங்கியதும், “இன்னொரு தடவை” என்றாள். மூன்று தடவை போனோம். சிராங்கூன் ரோட்டில் வாழையிலை போட்டுச் சாப்பிட்டோம். உப்புச் சரியாக இருந்தது. கடற்கரையில் நான் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். இருபது வருடத்தில் பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை. எழுப்பாமல் வள்ளியம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கப்பல்களை எண்ணினாளாம். அறுபத்து மூன்று என்கிறாள். நான் சரிபார்க்கவில்லை.

சந்தோசமாக இருந்தோம், அக்கா. இரண்டாம் நாள் மதியம் வரை உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மறந்துவிட்டேன். ராத்திரிதான் ஞாபகம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. நேர்காணலுக்கான கடிதம் பிப்ரவரி நான்காம் வாரத்தில் வரும் என்று கவுண்டர் பெண் சொன்னார். எந்த நாள் என்று கேட்டேன், அது தனக்குத் தெரியாது என்றார். நேர்காணலுக்குப் பிறகு முடிவு எப்போது என்பதற்குத் தேதி சொல்ல அங்கே யாரும் தயாராக இல்லை. ஆறு மாதம் என்றார் ஒருவர், ஒரு வருடம் என்றார் இன்னொருவர். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானம் தினமும் போகிறது.

உன் தம்பி,
தனபாலன்